குழாய்க் குழியின் ஆழம்: களத்து அளவும் ஆய்வக அளவும்

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் சென்றால் சிப்காட் தொழிற்பேட்டை வருகிறது. அதன் கிழக்கே உப்பனாறு. அதற்கும் கிழக்கே கடல். உப்புக் காற்று ஆண்டு முழுவதும் வீசும் இந்த இடத்தில் இரும்புக் குழாய் துருப்பிடிப்பதில் வியப்பொன்றுமில்லை. எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்பதை நம்பும்படி சொல்வதுதான் கடினம். குழாய்களின் தடிமனையும் அரிப்புக் குழிகளின் ஆழத்தையும் அளந்து அறிக்கை எழுதுவது என் தொழில். நான் அறிக்கையில் எழுதும் எண்ணும், அதே குழாயை வெட்டி ஆய்வகத்தில் பார்க்கும்போது கிடைக்கும் எண்ணும் ஒன்றாக இருப்பது அரிது. அந்த வேறுபாட்டை எப்படிக் கண்டறிவது, கண்டறிந்தபின் எப்படிப் பயன்படுத்துவது, எந்த இடத்தில் அது நம்மை ஏமாற்றும் என்பவை பற்றிய என் கருத்துகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

இத்தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கருவியைக் காலிபிரேஷன் செய்துதானே எடுத்துப் போகிறீர்கள், பிறகு என்ன ஐயம்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் அல்ட்ராசோனிக் தடிமன் கேஜை ஸ்டெப் பிளாக்கில் வைத்துச் சரிபார்க்கிறோம். தடிமன் துல்லியமாகத் தெரிந்த படிகளைக் கொண்ட எஃகுக் கட்டைதான் அந்த பிளாக். ஒலி எஃகுக்குள் நொடிக்கு ஏறத்தாழ 5,920 மீட்டர் வேகத்தில் செல்கிறது. பரப்பின்மேல் வைக்கும் உணர்முனையான ப்ரோப் அனுப்பிய ஒலி எதிர்ப்பரப்பில் மோதித் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கேஜ் தடிமனாக மாற்றிக் காட்டுகிறது. 10 மி.மீ. படியில் 10.00 என்று காட்டினால் கருவி சரியாக இருக்கிறது என்று கையெழுத்திடுகிறோம். ஆனால் அந்த பிளாக்கின் இரு பரப்புகளும் வழவழப்பானவை, ஒன்றுக்கொன்று இணையானவை, துருவற்றவை, நிழலில் வைக்கப்பட்டவை. அளக்கப்போகும் குழாய்க்கு இவற்றுள் ஒன்றுகூடப் பொருந்தாது. சான்றிதழ் கருவியின் நேரக்கணக்குக்கு உத்தரவாதம் தருகிறது; துருப்பிடித்த குழாயின்மீது, சாரத்தில் நின்றுகொண்டு, ஒரு மனிதர் எடுக்கும் அளவுக்கு அது உத்தரவாதம் தரவில்லை. அதற்கு வேறொரு சரிபார்ப்பு வேண்டும். அது வெட்டிப் பார்த்த குழாயிலிருந்து மட்டுமே கிடைக்கும்.

சில வேறுபாடுகளை வெட்டிப் பார்க்காமலேயே கணக்கிட்டுச் சரிசெய்துவிடலாம். எஃகின் வெப்பநிலை 55 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அதற்குள் ஒலியின் வேகம் ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். மே மாத நண்பகலில் வெயிலில் கிடக்கும் குழாய், அறைக்குள் இருந்த பிளாக்கைவிட 30 டிகிரி கூடுதலாகச் சூடேறியிருந்தால், 9.27 மி.மீ. தடிமன் 0.05 மி.மீ. கூடுதலாகத் தெரியும். ஆழமான குழியைத் தேடுபவருக்கு இது பொருட்டே அல்ல. ஆண்டுக்கு 0.1 மி.மீ. என்ற அளவில் மெல்ல அரிக்கும் குழாயைக் குளிர்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் அளந்து கழித்துப் பார்ப்பவருக்கோ, அரையாண்டு அரிப்பு காணாமல் போய்விடும். பிளாக்கைக் குழாய்மீதே சற்று நேரம் வைத்திருந்து இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்தபின் சரிபார்ப்பது எளிய மாற்று. பெயிண்டும் அப்படித்தான். பெயிண்டுக்குள் ஒலி எஃகில் செல்வதில் பாதி வேகத்திலும் குறைவாகவே செல்வதால், 0.3 மி.மீ. பெயிண்ட் ஏறத்தாழ 0.7 மி.மீ. எஃகாகக் கணக்கில் சேர்ந்துவிடும். முதல் எதிரொலிக்கும் இரண்டாம் எதிரொலிக்கும் இடையிலுள்ள நேரத்தை அளக்கும் முறைக்குக் கேஜை மாற்றினால் பெயிண்ட் கணக்கிலிருந்து விலகிவிடும். ஆனால் உட்பரப்பு மோசமாக அரித்த குழாயில் இரண்டாம் எதிரொலி பெரும்பாலும் கிடைக்காது. பிறகு பெயிண்டைச் சுரண்டித்தான் ஆகவேண்டும்.

கணக்குக்குள் அடங்காத வேறுபாடுகள் குழிகளில் தொடங்குகின்றன. வெளிப்புறக் குழியைப் பிட் கேஜால் அளக்கிறோம்: குழிக்கு இருபுறமும் ஊன்றி நிற்கும் ஒரு சிறு பாலம், அதன் நடுவிலிருந்து குழிக்குள் இறங்கும் ஒரு முள், முள் எவ்வளவு இறங்கியது என்று காட்டும் டயல். இதில் மூன்று வகையில் ஆழம் குறைவாக வருகிறது. முள்ளின் நுனி மழுங்கியிருந்தால் குறுகிய குழியின் அடிவரை அது போகாது. வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தபின்னும் குழியின் அடியில் கெட்டித்துருவின் அடை மிஞ்சியிருக்கும். சேறு படிந்த கேணியில் கம்பை விட்டு ஆழம் பார்ப்பது போல, முள் அந்த அடையின்மேல் நின்றுவிடுகிறது. மூன்றாவது காரணம் பலர் கவனிக்காதது: கடற்கரைக் காற்றில் குழி மட்டும் தனியாக வருவதில்லை, அதைச் சுற்றியுள்ள பரப்பும் சேர்ந்தே தேய்கிறது. பாலத்தின் கால்கள் ஊன்றும் இடமே 1 மி.மீ. கீழே இறங்கியிருந்தால், அந்த 1 மி.மீ. எந்தக் கணக்கிலும் சேராது. நீளமான பாலத்தைக் குழாயின் நீளவாக்கில், அரிக்காத பரப்புவரை எட்டும்படி வைக்க வேண்டும். குறுக்குவாக்கில் வைத்தால் குழாயின் வளைவே அளவைக் கெடுத்துவிடும். இவை எல்லாம் தெரிந்த அனுபவசாலிகள் இருக்கிறார்கள். எங்கள் குழுவில் இருக்கும் மூத்த அண்ணன் ஒருவர், "முள்ளு நின்னா குழி முடிஞ்சிதுன்னு அர்த்தம் இல்ல தம்பி, துரு கெட்டியா இருக்குன்னுதான் அர்த்தம்" என்பார். அவர் அளக்கும் குழிகள் மற்றவர்கள் அளப்பதைவிடச் சற்று ஆழமாகவே வரும். பெரும்பாலும் வெட்டிப் பார்த்தால் அவர் பக்கமே நியாயம் இருக்கும்.

உட்புறக் குழிகளில் பிழையின் தன்மையே வேறு. குழாய்க்கு வெளியிலிருந்து ப்ரோப்பை வைத்து உள்ளே இருக்கும் குழியைப் பார்க்கிறோம். ப்ரோப்பின் முகம் 10 மி.மீ. அகலம், குழியின் அடி 2 மி.மீ. அகலம் என்றால், அந்தச் சிறு அடியிலிருந்து திரும்பும் ஒலி மிகவும் வலுவற்றது, குழியின் சாய்ந்த சுவர்களில் பட்ட ஒலி வேறு திசையில் சிதறிவிடும், சுற்றியுள்ள நல்ல சுவரிலிருந்து வரும் வலுவான எதிரொலியை மட்டும் கேஜ் எடுத்துக்கொண்டு, "9.1 மி.மீ., ஒரு குறையும் இல்லை" என்று காட்டும். இங்கே ஆழம் குறைத்து அளக்கப்படவில்லை; குழியே காணப்படவில்லை. இவ்விரண்டையும் ஒரே பிழையாகச் சேர்த்துச் சராசரி எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சராசரி அழகாக வரும், பொருள் இருக்காது. காணாமல் விட்டதற்கு ஒரு கணக்கு, கண்டதைத் தவறாக அளந்ததற்கு வேறொரு கணக்கு என்று முதலிலேயே பிரித்துவிட வேண்டும்.

எதிர்த்திசைப் பிழைகளும் உண்டு. தகட்டின் நடுவே உருட்டும்போதே தங்கிவிட்ட அடுக்குப்பிளவு இருந்தால், ஒலி அங்கேயே திரும்பிவிட, 9 மி.மீ. சுவர் 4.5 என்று காட்டும். வெட்டிப் பார்த்தால் அரிப்பே இருக்காது. மிக மெல்லிய சுவரில் இதற்கு நேர்மாறாக, முதல் எதிரொலியைத் தவறவிட்டு இரண்டாவதைப் பிடிக்கும் கேஜ், 1.2 மி.மீ. சுவரை 2.4 என்று இருமடங்காகக் காட்டும். ஓட்டையாகப் போகும் நிலையிலுள்ள குழாயைச் சற்று மெலிந்த குழாய் என்று எண்ண வைக்கும் இந்தப் பிழையே எனக்கு எல்லாவற்றிலும் அச்சம் தருவது.

இனி ஆய்வகம். ஆய்வக எண்ணை உண்மை என்றும் களத்து எண்ணை மதிப்பீடு என்றும் வைத்துக்கொள்வது வழக்கம். ஆய்வக அறிக்கையில் நுண்ணோக்கி அளவு இரண்டு தசம இடங்களோடு அச்சாகி வருவதால் அந்த நம்பிக்கை இன்னும் கூடுகிறது. ஆனால் குழியை வெட்டி அளப்பதில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. வெட்டுமுகம் குழியின் மிக ஆழமான புள்ளி வழியாகவே போனால்தான் அந்த முகத்தில் அளக்கும் ஆழம் குழியின் ஆழம். ரம்பம் 1 மி.மீ.க்கு மேல் எஃகைத் தின்றுவிடும். குழியின் அடி அதைவிடக் குறுகலாக இருந்தால், நாம் தேடிய புள்ளி ரம்பத்தூளாகக் கீழே கொட்டியிருக்கும். ஆகவே குழிக்குச் சற்றுத் தள்ளி வெட்டி, அங்கிருந்து படிப்படியாகத் தேய்த்து, ஒவ்வொரு படியிலும் ஆழத்தை அளந்துகொண்டே போகவேண்டும். ஆழம் கூடிக்கொண்டே வந்து குறையத் தொடங்கும்போதுதான் உச்சத்தைக் கடந்தோம் என்று தெரியும். இதற்கு நேரமும் கூலியும் ஆகும் என்பதால் பல ஆய்வகங்கள் ஒரே வெட்டோடு நிறுத்திக்கொள்கின்றன. அப்படி வந்த அறிக்கையில் களத்து ஆழம் ஆய்வக ஆழத்தைவிட அதிகமாக இருந்தால், களத்தில் அளந்தவர் மிகைப்படுத்திவிட்டார் என்று முடிவு கட்டுவதற்குமுன் வெட்டு எங்கே விழுந்தது என்று கேட்பது நல்லது.

வெட்டாமல் அளக்கும் வழிகளையே நான் விரும்புகிறேன், அல்லது குறைந்தபட்சம் வெட்டுவதற்கு முந்தைய படியாக அவற்றைக் கேட்கிறேன். குழியைத் துருநீக்கக் கரைசலில் ஊறவைத்துச் சுத்தம் செய்வது முதல் வேலை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆன்டிமனி டிரைஆக்சைடும் ஸ்டேனஸ் குளோரைடும் கலந்த கிளார்க் கரைசல் இதற்கு வழக்கமாகப் பயன்படுவது. துருவைக் கரைக்கும் அமிலம் நல்ல எஃகைப் பெரிதாகத் தின்னாமல் அந்தச் சேர்மங்கள் தடுக்கின்றன. பிறகு சிலிகோன் ரப்பரை ஊற்றி அச்செடுத்து அந்த அச்சின் உயரத்தை அளக்கலாம். நுண்ணோக்கியைக் குழியின் விளிம்பில் ஒருமுறையும் அடியில் ஒருமுறையும் குவித்து, இடையில் குழல் நகர்ந்த தொலைவை ஆழமாகக் கொள்ளலாம். லேசர் ஸ்கேனரால் முழுப் பரப்பையும் வரைந்தெடுக்கலாம். உள்நோக்கி வளைந்து குடைந்த குழிகளில் லேசரும் நுண்ணோக்கியும் தோற்றுவிடும். அங்கே வெட்டுவதைத் தவிர வழியில்லை. விரிசலாக இருந்தால் முறை முற்றிலும் வேறு: துண்டைத் திரவ நைட்ரஜனில் −196 டிகிரிக்குக் குளிர்வித்தால் எஃகு நொறுங்கும் தன்மை பெறும்; அந்நிலையில் பிளந்து திறந்தால் பழைய விரிசலின் கறைபடிந்த முகமும் புதிதாகப் பிளந்த பளபளப்பான முகமும் எல்லைக்கோட்டோடு தனித்தனியே தெரியும். நேரில் பார்க்க வேண்டிய காட்சி அது.

களத்து அளவையும் ஆய்வக அளவையும் இணை சேர்ப்பதில் தோல்விகள் பெரும்பாலும் அளவியல் காரணங்களால் நேர்வதில்லை, அடையாளம் தொலைவதால் நேர்கின்றன. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுனில் குழாயைக் கழற்றும்போது வேகம்தான் முதன்மை. சுண்ணக்கட்டிக் குறிகளும் பெயிண்ட் எண்களும் கேஸ் கட்டிங் சூட்டில் கருகிவிடும். குழாய் திரும்பிக் கிடந்தால் மேற்புறம் எது, நீரோட்டத் திசை எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. குழிக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல், பஞ்ச் உளியால் அடித்து எண் பொறிப்பது. ஏதேனும் ஒரு வெல்டிலிருந்து தொலைவையும் கடிகார முகத்தில் மணியாகத் திசையையும் எழுதுவது. அளவுகோலோடு படம் எடுப்பது. குழியிலிருந்து போதிய அளவு தள்ளி ரம்பத்தால் அறுப்பது: இவ்வளவும் கழற்றுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கழற்றிய துண்டைக் கடலூரில் திறந்த வெளியில் போட்டுவைத்தால் ஓரிரவிலேயே புதுத்துரு படியும். எண்ணெய் தடவிப் பாலிதீன் சுற்றிச் சென்னை ஆய்வகத்துக்கு அனுப்புவது வீண் சடங்கு அல்ல. மழைக்காலத்தில் இதைச் செய்யாவிட்டால் இணையின் ஒரு பக்கம் நாம் அளந்த குழியாகவும் மறுபக்கம் அதன் வயதான வடிவமாகவும் இருக்கும்.

இணை சேர்ந்தபின்னும் இருவரும் ஒரே பொருளைத்தான் அளந்தார்களா என்று பார்க்க வேண்டும். களத்தில் நான் எழுதுவது பெரும்பாலும் குழியின் ஆழம். ஆய்வகம் எழுதுவது பெரும்பாலும் குழிக்குக் கீழே எஞ்சியிருக்கும் சுவர். ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெற முழுத்தடிமன் வேண்டும். அங்கே 10 அங்குலக் குழாய்க்கு அளவு அட்டவணையில் உள்ள 9.27 மி.மீ.யை எடுத்துக்கொண்டால், தையலில்லாக் குழாயில் ஆலை அனுமதிக்கும் குறைவு 12.5 சதவீதம்வரை இருக்கலாம் என்பதை மறந்தவர்களாவோம். புதிய குழாயே 8.11 மி.மீ. ஆக இருந்திருக்கக்கூடும். கருவியின்மீது சுமத்தப்படும் 1 மி.மீ. வேறுபாடு முழுவதும் இந்தக் கழித்தலிலிருந்தே வந்திருப்பதுண்டு. குழிக்கு அருகே அரிக்காத சுவரை அல்ட்ராசோனிக் கேஜால் அளந்து அதையே முழுத்தடிமனாக எழுதினால் இந்தக் குழப்பம் இல்லை.

இனி எண்களை வைத்து என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். வழக்கத்திலிருந்து நான் மாறுபடும் இடங்கள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன. களத்து அளவுகளை ஓர் அச்சிலும் ஆய்வக அளவுகளை மற்றோர் அச்சிலும் இட்டு, இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.95 வந்துவிட்டது, ஆகவே முறை நம்பகமானது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஒட்டுறவுக் கெழு அளவுகள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பதைச் சொல்வதில்லை. அரை மி.மீ. முதல் 6 மி.மீ. வரை பரவிய குழிகளை எடுத்துக்கொண்டால் கெழு உயரும். அதே ஆள், அதே கருவி, 2 முதல் 3 மி.மீ. வரையுள்ள குழிகளை மட்டும் அளந்தால் கெழு சரியும். ஒவ்வோர் அளவும் ஆய்வகத்தைவிட 1 மி.மீ. குறைவாகவே இருந்தாலும் கெழு 1 ஆக இருக்கலாம். மருத்துவ அளவீடுகளை ஒப்பிடுவதற்காக பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் லான்செட் இதழில் விளக்கிய முறை இதைவிடப் பயனுள்ளது: ஒவ்வொரு குழிக்கும் இரு அளவுகளின் வேறுபாட்டை எடுத்து, அவற்றின் சராசரிக்கு எதிராக வரைந்து பார்ப்பது. வேறுபாடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஆழம் கூடக்கூட அது வளர்கிறதா, எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்ற மூன்றும் ஒரே படத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நேர்கோடு பொருத்துவதானால் எந்தத் திசையில் பொருத்துகிறோம் என்பது முக்கியம். நாளை ஒரு புதிய குழியில் களத்து அளவு 4 மி.மீ. என்று வருகிறது, அதன் ஆய்வக ஆழம் என்னவாக இருக்கும் என்பது கேள்வியானால், களத்து அளவிலிருந்து ஆய்வக அளவைக் கணிக்கும் கோடுதான் வேண்டும். களத்து அளவிலேயே பிழை இருப்பதால் அந்தக் கோட்டின் சரிவு தட்டையாகும். கணிப்புக்கு அந்தத் தட்டைத்தன்மையும் சேர்ந்தே பொருந்தும், ஆனால் புதிய குழிகளும் பழைய குழிகளைப் போன்ற கூட்டத்திலிருந்தே வருகின்றன என்றால்தான். கருவியின் இயல்பை அறிவது நோக்கமானால், அதாவது ஆழத்தை அது உண்மையாகவே குறைத்துக் காட்டுகிறதா என்று கேட்டால், இரு பக்கப் பிழைகளையும் கணக்கில் எடுக்கும் டெமிங் முறைக் கோடு வேண்டும். அதற்கு ஆய்வகத்தின் பிழை எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால் ஆய்வகத்தில் ஒரே குழியை இருவர் தனித்தனியே அளக்கும்படி கேட்பதில் நான் விடாப்பிடியாக இருக்கிறேன். ஒரே பொருள்களைப் பல கருவிகள் அளந்திருந்தால், உண்மை அளவு தெரியாமலேயே ஒவ்வொரு கருவியின் சிதறலையும் பிரித்தெடுக்கலாம் என்று ஃபிராங்க் கிரப்ஸ் 1948லேயே காட்டியிருக்கிறார். களத்தில் இருவர், ஆய்வகம் ஒன்று என மூன்று அளவுகள் இருந்தாலே அந்த வழி திறந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வலை, எந்தத் துண்டுகள் ஆய்வகத்துக்குப் போகின்றன என்பதில் இருக்கிறது. களத்து அளவு மிக மோசமாக வந்த இடத்தைத்தான் வெட்டுகிறோம். மோசமாக வந்தவற்றுள் உண்மையிலேயே ஆழமான குழிகளும் இருக்கும், அளவுப் பிழையால் ஆழமாகத் தெரிந்த சாதாரணக் குழிகளும் இருக்கும். ஆகவே வெட்டிப் பார்க்கும்போது, சராசரியாகக் களத்து அளவு மிகையாகத் தோன்றுவது இயல்பு. அதைக் கண்டு, "நம் ஆட்கள் எப்போதும் கூடுதலாகவே அளக்கிறார்கள், 10 சதவீதம் கழித்துக்கொள்ளலாம்" என்று திருத்தம் போட்டால் விபரீதம். களத்தில் நல்ல இடம் என்று எழுதப்பட்ட குழிகள் ஒன்றுகூட அந்த ஒப்பீட்டுக்குள் வரவில்லை. கழற்றிய ஸ்பூல் எனும் குழாய்த்துண்டு ஒன்று எப்படியும் பழைய இரும்புக்குத்தான் போகப்போகிறது என்றால், அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மோசமான இடங்களோடு, குறையில்லை என்று எழுதிய இடங்கள் சிலவற்றையும் குலுக்கல் முறையில் தேர்ந்து அளக்கச் சொல்வேன். செலவு கூடுகிறது என்று முகம் சுளிப்பார்கள். எடைக்குப் போடும் இரும்பிலிருந்து இதைவிட மலிவாகக் கிடைக்கும் அறிவு எனக்குத் தெரிந்து வேறில்லை.

பிழை எவ்வளவு பொருட்படுத்தத்தக்கது என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் சொல்கிறேன். வெளிவிட்டம் 273 மி.மீ., தடிமன் 9.27 மி.மீ. கொண்ட 10 அங்குலக் குழாயில், 80 மி.மீ. நீளமுள்ள அரிப்பு 4 மி.மீ. ஆழம் என்று களத்தில் அளக்கப்பட்டதாகக் கொள்வோம். அரித்த குழாயின் எஞ்சிய வலிமையைக் கணிக்கும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏஎஸ்எம்இ) பி31ஜி விதியின் மூலச் சமன்பாட்டின்படி, முழுக்குழாயின் வலிமையில் ஏறத்தாழ 85 சதவீதம் எஞ்சுகிறது. ஆய்வக ஒப்பீடு, களத்து அளவு சராசரியாக அரை மி.மீ. குறைவு என்று சொல்லியிருந்தால், ஆழத்தை 4.5 ஆக்குகிறோம், வலிமை 83 சதவீதம். பெரிய மாற்றமில்லை. ஆனால் அதே ஒப்பீட்டில் சிதறலின் அளவுகோலான திட்ட விலக்கம் 0.6 மி.மீ. என்று வந்திருந்தால், இருபதுக்கு ஒன்று என்ற வாய்ப்பில் உண்மை ஆழம் 5.5 மி.மீ.யைத் தாண்டலாம்; அந்த ஆழத்தில் வலிமை 78 சதவீதம். சாய்வை, அதாவது சராசரி வேறுபாட்டை, திருத்துவதில்தான் எல்லோரும் கவனம் செலுத்துகிறார்கள், கணக்கை உண்மையில் நகர்த்துவதோ சிதறல். சாய்வை ஒரு கூட்டலால் நீக்கிவிடலாம். சிதறலை நீக்க மேலும் நல்ல சுத்தம், கூரிய முள், இரண்டாம் ஆள், இரண்டாம் முறை எனக் களத்திலேயே உழைக்க வேண்டியிருக்கிறது.

அதே கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. ஆழத்தை 4 மி.மீ. என்றே வைத்துக்கொண்டு, அரிப்பின் நீளத்தை மட்டும் 80லிருந்து 160 மி.மீ. ஆக்கினால் வலிமை 79 சதவீதத்துக்கு இறங்குகிறது. அதாவது, ஆழத்தில் ஒன்றரை மி.மீ. தவறுவதும் நீளத்தைப் பாதியாக அளந்துவிடுவதும் வலிமைக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றே. அருகருகே இருக்கும் இரு குழிகளுக்கு இடைவெளி சுவர்த்தடிமனைப் போல் மூன்று மடங்குக்குள், இந்தக் குழாயில் 28 மி.மீ.க்குள், இருந்தால் அவற்றை ஒரே அரிப்பாகச் சேர்த்து நீளத்தை அளக்க வேண்டும் என்பது விதி. களத்தில் இடையிலுள்ள ஒரு சிறு குழியைக் காணாமல் விட்டால், ஒன்றாக இருக்க வேண்டியது இரண்டாகப் பிரிந்துவிடும். இருந்தும், ஆய்வகத்தோடு நீளத்தை ஒப்பிட்ட அறிக்கைகள் என் கண்ணில் அரிதாகவே பட்டிருக்கின்றன. ஆழம் தனிச்சிறப்புப் பெறுவது ஒழுகலில்தான்: ஊசித்துளை போல ஓட்டை விழுமா என்ற கேள்விக்கு நீளம் பொருட்டில்லை, எஞ்சிய சுவர் மட்டுமே பேசும். எந்தக் கேள்விக்காக அளக்கிறோம் என்று முடிவு செய்யாமல், எவ்வளவு துல்லியம் போதும் என்று பேசுவதில் பயனில்லை.

குழாய்க்குள் ஓடி அளக்கும் பிக் கருவிகளின் அளவைச் சரிபார்க்கும்போதும் இதே சங்கிலி நீள்கிறது. எண்ணூரிலிருந்து தூத்துக்குடிவரை செல்லும் இயற்கை எரிவாயுக் குழாய்த்தடத்தின் பெயரிலேயே புதுச்சேரியும் நாகப்பட்டினமும் இருக்கின்றன. அத்தகைய நெடுந்தொலைவுக் குழாய்களில் கையால் அளப்பது நடவாத காரியம். சுவரைக் காந்தமாக்கி, மெலிந்த இடத்தில் கசியும் காந்தப்பாய்வை அளந்து இயங்கும் பிக் கருவி, பரவலான அரிப்பின் ஆழத்தைச் சுவர்த்தடிமனில் கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள், பத்தில் எட்டு முறை சரியாகச் சொல்லும் என்பது வழக்கமான உத்தரவாதம். அதன்படி அதன் திட்ட விலக்கம் 7.8 சதவீதம். அதைச் சரிபார்க்க மண்ணைத் தோண்டிக் குழாயைத் திறந்து நாம் கையால் அளக்கிறோம். நம் அளவின் திட்ட விலக்கம் 5 சதவீதம் என்றால், இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் திட்ட விலக்கம் 9.3 சதவீதமாகத்தான் தெரியும். நம் பிழையையும் கருவியின் தலையில் கட்டி, அது உத்தரவாதத்தை மீறிவிட்டது என்று கடிதம் எழுதுவது எளிது. நம் பிழை 5 சதவீதம் என்று எப்படித் தெரியும் என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், வெட்டிப் பார்த்த துண்டுகளின் கணக்குக் கையில் இருக்க வேண்டும்.

சிப்காட்டுக்குள் இருக்கும் குழாய்கள் குட்டையானவை, வளைவுகள் நிறைந்தவை. பிக் போக முடியாதவை. வெப்பக் காப்புறை போர்த்திய குழாய்களில் நிலைமை இன்னும் கடினம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது; அப்படிப்பட்ட காற்றுக்குப் பின் காப்புறையின் மேல்தகடு விரலளவு விலகியிருந்தால்கூட உப்புநீர் உள்ளே இறங்கி, வெளியே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். அங்கே உருவாகும் அரிப்பு திறந்த குழாயில் வரும் குழியைப் போன்றதல்ல. அகலமாக, ஆழமில்லாத் தட்டுகளாகத் தொடங்கி, தட்டுக்குள் குழியாக இறங்கும். பிட் கேஜின் பாலம் ஊன்ற நல்ல பரப்பே கிடைக்காத வகை அது. திறந்த குழாயில் கண்டறிந்த திருத்தத்தை அப்படியே இங்கே எடுத்துப் போடுவதை நான் ஏற்பதில்லை.

ஆகவே இப்போது நான் அறிக்கையில் மூன்று எண்களாக எழுதுகிறேன்: களத்தில் படித்த ஆழம், திருத்திய ஆழம், இருபதுக்கு ஒன்று வாய்ப்பில் தாண்டக்கூடிய மேல் எல்லை. வலிமைக் கணக்கு மூன்றாவதை வைத்து. எந்த வகைக் குழி, எந்த ப்ரோப், எந்த வகைச் சுத்தம் ஆகியவற்றுக்கு அந்தத் திருத்தம் பொருந்தும் என்பதையும் பக்கத்திலேயே குறிக்கிறேன்; மணல் போன்ற துகள்களை வீசித் துருநீக்கும் பிளாஸ்டிங் செய்த பரப்பில் பெற்ற திருத்தம் வயர் பிரஷ் போட்ட பரப்புக்குச் செல்லாது. முழங்கை வளைவுகளின் உட்புறக் குழிகளுக்கு என்னிடம் போதிய இணை அளவுகள் இல்லை. அவ்விடத்தில் திருத்தம் போடாமல், படித்த எண்ணை மட்டும் எழுதி, எல்லைக்கான கட்டத்தை வெறுமையாக விடுகிறேன். அடுத்த ஷட்டவுனில் கழற்றப்படும் வளைவுகளை எடைக்குப் போடுவதற்குமுன் ஒரு வாரம் கிடங்கில் நிறுத்திவைக்கும்படி கேட்டிருக்கிறேன்.